அமலா கேட்ட அதிகாரம்

திண்டிவனத்தில் ஜெசிந்தா அக்காவின் தையல் கடையில் ரவிக்கைத் துணியை எடுக்க வேண்டுமானால் முதலில் புத்தகங்களை நகர்த்த வேண்டும். எல்லாம் எங்கள் வேதமான பைபிளின் கடைசி ஆகமத்துக்கு எழுதிய விளக்கவுரைகள். ஏழு தலை மிருகம், பத்துக் கொம்பு என்று தலை சுற்ற வைக்கும் ஆகமம் அது. தைத்துக் கொடுக்கும் தேதி தவறினாலும் தவறும், சபைகள் நடத்தும் கன்வென்ஷன் பந்தலில் புத்தகக் கடையை மட்டும் அக்கா தவறவிட்டதில்லை. இப்போது அவற்றை அவர் திறப்பதே இல்லை.

எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையிலேயே நடக்கும். பாடம் நடத்துவது அக்காதான். களை எடுத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, ஒலக்கூரிலிருந்து அமலா பஸ் ஏறி வருவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டேரிப்பட்டில் லாரி மோதி அவளுடைய ஒரே மகன் போய்ச் சேர்ந்திருந்தான்.

வந்த அன்றைக்கே கேட்டாள். "கண்ணீரையெல்லாம் தொடச்சி, இனிமே சாவே இல்லன்னு கடைசில ஒரு எடம் வருதாமேக்கா. அத்த படிச்சிக் காட்டுக்கா. எம் புள்ளைய நான் பாப்பனான்னு தெரியணும்."

"அது கடைசி கடைசியா வர்றது அமலா. முன்னாடி இருக்கறது புரியாம அங்க போனா தப்பாப் புரிஞ்சிக்குவ. வரிசையா போவோம்," என்றார் அக்கா.

அக்கா தட்டிக்கழிக்கவில்லை. பயந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் தப்பாக எதையாவது சொல்லிவிட்டால்? அதனால் சரியான புத்தகம் தேடினார். தடித்த ஒன்று, இதெல்லாம் அந்தக் காலத்திலேயே நடந்து முடிந்தாயிற்று என்றது. மடித்து வைத்த வண்ணப் படத்தோடு வந்த இன்னொன்று, இனிமேல்தான் நடக்கும் என்றது. மூன்றாவது, மிருகத்தை மிருகமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. மூன்றும் ஒத்துப்போகாததால் நாலாவதை வாங்கினார். நாங்கள் மாதக்கணக்கில் கொம்புகளிலேயே மாட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அமலாவோ, பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து, "அந்த எடம் வந்துடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள்.

விழுப்புரத்திலிருந்து மாதம் ஒரு முறை வரும் பாஸ்டர் ஆனந்தராஜிடம், அடுத்து எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று அக்கா கேட்டார்.

"வாங்கினது போதும்மா. முதல்ல வசனத்தப் படிச்சிக் காட்டுங்க. புரியாதத புரியலன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் கொறஞ்சி போயிடாது."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பாடம் நடத்துகிறவளே புரியவில்லை என்று சொல்வதா?

மழைக்காலத்தில் அமலாவுக்குக் காய்ச்சல் கண்டு, மஞ்சள் காமாலையாகி, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி வந்ததும் அக்கா வேதத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அமலா கேட்ட அந்த அதிகாரத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார். நாங்கள் போனபோது அமலாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அடக்கத்தில் பாஸ்டர் அந்த அதிகாரத்தைத்தான் வாசித்தார். நாலைந்து வசனம். வாசித்து முடித்து வேதத்தை மூடினார். அமலாவின் கணவர் சவுரிராயன், மண் போட்ட கையோடு அக்காவிடம் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இவ்ளோதானாம்மா அது? இத்த கேக்கத்தான் அவ வாரா வாரம் ஓடிக்கினு இருந்தாளா?"

"ஆமாங்கண்ணா," என்றார் அக்கா. "நான்தான் படிச்சிக் காட்டல."