ஒரு சாண் கூடின சுவர்

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாறு வருடமாகப் பாரிஸில் பழைய வீடுகளுக்குச் சுவர் பூசி வண்ணம் அடிக்கிறேன். சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். நம்பினால் நம்புங்கள், லா சப்பலில் அந்த வீட்டைப் பார்த்த பிறகு என் வாய் அடங்கிவிட்டது.

என் நண்பன் ரமணன் வாங்க நினைத்த வீடு. அவன் மகள் ஆதிரைக்கு ஆறு வயது, இழுப்பு வருத்தம். பாரிஸுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் அவர்கள் இருந்த வீட்டுச் சுவர் குளிர்காலத்தில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளை இரவெல்லாம் மூச்சுக்குத் திணறும்.

"சுவருக்கு இசொலாசியோன் போட்டிருக்கோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லு மச்சான். நீ ஓம் எண்டால் வாங்குவன்" என்றான். குளிர் ஏறாமல் சுவரின் உட்புறம் பஞ்சு வைத்துப் பலகையால் மூடுகிற வேலையைத்தான் கேட்கிறான்.

படுக்கையறையின் தெருப்பக்கச் சுவரைப் பார்த்ததுமே எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேலே கூரையோரத்துப் பூவேலை மூன்று பக்கமும் முழுசாக இருக்க, அந்தப் பக்கம் மட்டும் பாதி மறைந்திருந்தது. தட்டினால் கல்லின் சத்தம் இல்லை, டொம் என்றது. அளவு நாடாவை வண்டியில் விட்டுவிட்டதால் யன்னல் விளிம்பைக் கையால் அளந்தேன், மற்ற அறையைவிட ஒரு சாண் ஆழம் கூட. ஹீட்டர் நிறுத்தியிருந்த அந்த ஜனவரியிலும் சுவர் இளஞ்சூடாக இருந்தது. பிறகு போட்ட இசொலாசியோனுக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

விற்கிற பிரெஞ்சுக்காரர் மட்டும், தான் பிறந்ததே அந்த அறையில்தான், அந்தச் சுவரில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். மனுசனுக்கு மறதி என்று நினைத்து நான் ரமணனிடம் "ஓம், வாங்கு" என்றேன்.

பால் காய்ச்சிய அன்று பழக்கதோஷத்தில் அதே யன்னல் விளிம்பில் கை வைத்தேன், இப்போது ஒன்றரைச் சாண் கூட. கையளவுதானே, பிசகியிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் கீழே ஓடிப்போய் அளவு நாடாவை எடுத்துவந்து அளந்து, சுவர் முடிகிற இடத்தில் தரையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து வைத்தேன்.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ஆதிரைக்கு இழுப்பு ஒருநாளும் வரவில்லை. போன ஞாயிறு போனபோது நான் கிழித்த பென்சில் கோட்டைத் தேடினேன், காணவில்லை. அளந்தேன், இன்னும் ஒரு சாண் கூடியிருந்தது. சுவர் மெல்ல மெல்ல வந்தால் உள்ளேயே இருப்பவர்களுக்குத் தெரியாது போலும்.

"நீ பாத்துத் தந்த வீடு மச்சான், பிள்ளை இஞ்சை வந்துதான் நித்திரை கொள்ளுறாள்" என்று ரமணன் என் கையைப் பிடித்தான். நான் அளந்ததை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கார்ஜில் சுவர் வியர்த்த பழக்கத்தில் அவர்கள் ஆதிரையின் கட்டிலை அந்தச் சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தார்கள். கட்டில் கால்கள் தரையில் பதிந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை, நான் குனிந்து பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்த ஆதிரை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, முந்தி கை நீட்டித்தான் சுவரைத் தொடுவன். இப்ப படுத்தபடியே கன்னத்திலை முட்டுது."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சீராக மூச்சு விட்டாள்.