அப்பா திருப்பி விட்ட ஆற்றுவாளை

அப்பா படியேறி வரும்போதே களனி ஆற்றுச் சேறு மணக்கும்... கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஞாயிறு என்றால் அந்த மணம்தான்.

கிழமை முழுக்கத் துறைமுகத்தில் வேலை. ஞாயிறு மட்டும் மட்டக்குளி ஆற்றங்கரையில் தூண்டில். அவர் தேடிப்போனது ஆற்றுவாளையை. செதிலே இல்லாத வழுவழு உடம்பு, நீண்ட மீசை, வாய் நிறையப் பல். அம்மா பழப்புளி விட்டுத் தேங்காய்ப்பாலில் காய்ச்சினால், கீழ்வீட்டு ஆட்களும் கோப்பையோடு வந்துவிடுவார்கள்.

ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து மாமா குடும்பம் வந்திருந்தது. அம்மா மீன்கறிக்குக் கூட்டு அரைத்து வைத்துக் காத்திருந்தார். அப்பா வெறுங்கையோடு வந்து நின்றார்.

"நல்ல பெரிசு ஒண்டு பட்டது. வயிறு முட்டச் சினை. விட்டுட்டன்."

"விட்டுட்டீங்களோ? வந்த சனத்துக்கு என்னத்தைக் குடுக்கிறது, உங்கட தலையையோ?"

"சினை மீனைத் திண்டா, நாளைக்குப் பிள்ளையளுக்கு என்னப்பா மிஞ்சும்?"

அன்று பருப்பும் முட்டைப்பொரியலும்தான். அம்மா ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. அப்பா என்னோடு வெள்ளவத்தை பிளட்டில். வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து எழும்பினபிறகு சாப்பாடு இறங்குவதில்லை. போன மாதம் அவராகவே கேட்டார்...

"பிள்ளை, ஒருக்கா ஆத்துவாளைக் கறி வைப்பியே?"

மார்க்கெட் மார்க்கெட்டாக அலைந்தேன். கடைசியில் த்ரீவீல் பிடித்து மட்டக்குளிக்கே போனேன். வலைக்காரர் சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார்.

"தென் நே அக்கே, ஒக்கொம இவரய்."

இப்போது இல்லையாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. வலை நிறைய டாங்க் கிளீனர் மீன், மற்ற மீன்களின் முட்டையையும் தின்று தீர்க்கிற சாமான். கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெருத்தவுடன், 'பாவம், உயிரோடு போகட்டும்' என்று நாங்கள்தானே கால்வாயில் கொண்டுபோய் விடுகிறோம்! எங்கள் பிளட்டிலேயே அப்படிப் புண்ணியம் தேடியவர்கள் இருக்கிறார்கள். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

வேறு வழியில்லாமல் சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பிடித்த வெளிநாட்டு மீன் வாங்கினேன். அம்மாவின் அதே கை அளவு, அதே பழப்புளி. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை.

"இது வாளை இல்லையப்பா. ஆத்தில இப்ப ஒண்டுமில்லையாம்."

மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, ஜன்னலடியில் இருந்தார்.

"அண்டைக்குக் கொம்மா ஏசினது சரிதான் பிள்ளை... சமைச்சுத் திண்டிருக்கலாம்."