என் பக்கமே திரும்பியிருந்த ஃபேன்

செகந்திராபாத்தில் நான் போய் இறங்கிய வீட்டில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. அதன் தலையிலுள்ள குமிழை அமுக்கிவிட்டால் கூடம் முழுக்கத் திரும்பித் திரும்பிக் காற்றைப் பங்கு வைக்கும். இழுத்துவிட்டால் ஒரே இடத்தைப் பார்த்து நிற்கும். நான் போன நாளிலிருந்து அந்தக் குமிழை யாரும் அமுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, படிக்க உட்கார்ந்தாலும் சரி, அதை ஸ்டூலோடு தூக்கிவந்து என் முன்னால் வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் தலைமயிர் பறக்கச் சாப்பிடுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து முதுகலை படிக்க வந்திருந்தேன். உதவித்தொகை கிடைத்தது, நகரின் மறுகோடியில் கச்சிபௌலிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விடுதியில் மட்டும் அறை கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். கத்தாரில் என் மாமாவோடு ஒரே அறையில் இருந்தவரின் தம்பி செகந்திராபாத்தில் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார் என்பது அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு ஞாபகம் வந்தது. அப்படித்தான் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் தலையில் போய் விழுந்தேன்.

அவர்கள் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்கள். தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அங்கிள், அன்ரி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். ரயில்வே குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஓர் அறை. அந்த ஓர் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு மூவரும் கூடத்தில் படுத்தார்கள். மகள் தன் சீருடையை எடுக்க என் கதவைத் தட்டி, "அக்கா, சாரி அக்கா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவாள். அவளுடைய அலமாரி, அவளுடைய சீருடை, மன்னிப்பு மட்டும் என்னிடம். எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான் வீட்டுக்கு மூத்த பெண். எனக்குக் கீழே மூன்று தம்பிமார். காலையில் வாசல் கூட்டுவதிலிருந்து இரவு அடுப்பைத் துடைப்பது வரை பாதி வேலை என் கையால்தான் நடக்கும். சும்மா இருக்க எனக்கு வராது, கை அரிக்கும். இங்கேயோ நான் குடித்த தேநீர்க் கோப்பையைக் கழுவக்கூட விடமாட்டார்கள்.

"நான் கழுவுறன் அன்ரி."

"நக்கோம்மா, நக்கோ. நீங்க போயி உக்காருங்க. படிக்க வந்த பொண்ணு, என்னாத்துக்கு இதெல்லாம்?"

'வேண்டாம்' என்பதற்கு அவர்கள் வீட்டில் நக்கோதான். அன்றாடம் அதை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. கோப்பை என் கையிலிருந்து பிடுங்கப்படும். அது மூவரும் குடிக்கும் டம்ளரும் இல்லை. ஷோகேஸிலிருந்து எனக்கென்று இறக்கிய, ரோஜாப்பூப் போட்ட பீங்கான். கழுவித் துடைத்து அதை மறுபடியும் ஷோகேஸில் வைத்துவிடுவார் அன்ரி. அதற்குப் பக்கத்தில் என்னையும் ஏற்றி வைத்துவிடுவாரோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் அவர்கள் எழும்பும் முன்னர் துடைப்பத்தைத் தேடி எடுத்து சமையலறையையும் என் அறையையும் கூட்டிவிட்டேன். மனம் கொஞ்சம் லேசானது. அன்ரி எழுந்து வந்து பார்த்தார். முகம் வாடிப்போய்விட்டது.

"தூசியா இருந்துச்சாம்மா? சொல்லியிருக்கலாமே."

"ஐயோ, தூசி ஒண்டும் இல்லை அன்ரி. சும்மாதான் கூட்டினனான்."

அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் வீடு துடைக்கப்பட்டது. அங்கிள் பணிமனையிலிருந்து வந்தால் கதவுக்கு வெளியிலேயே காலுறையைக் கழற்றி உதறினார். "ஹவ், ஹவ், ஆமாம்மா, தூசி நிறைய" என்று என்னைப் பார்த்துச் சமாதானமாகச் சிரித்தார். ஒரு நல்ல வேலை செய்யப்போய் மூன்று பேருக்கும் வேலை கூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு துடைப்பத்தின் பக்கமே போகவில்லை.

அவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் சங்கடம். குறை இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். மாலையில் அன்ரியும் மகளும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். தாய் தமிழில் ஏச, மகள் தெலுங்கில் திருப்பிக் கொடுப்பாள். காதுக்குச் சுகமாக இருக்கும். நான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும், சத்தம் அடங்கிவிடும். இருவரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். எனக்கு என் தம்பிமாரின் கூச்சல் ஞாபகம் வரும்.

மாதக் கடைசியில் விடுதி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அறை தயார், மறுநாள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். வகுப்பிலேயே முடிவெடுத்துவிட்டேன். பஸ் மாறி வந்துபோகும் அலைச்சலை ஒரு சாக்காகச் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு அவளுடைய அறை கிடைக்கும், தரையில் படுத்து எழும்பும் அன்ரிக்கு முதுகுவலி குறையும். இருந்தும் வீடு திரும்பும் பஸ்ஸில் சந்தோஷம் வரவில்லை. இன்னொரு வீடும் கையைவிட்டுப் போவதுபோலவே இருந்தது. 'வந்து ஒரு விஷயம் சொல்லவேணும் அன்ரி' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாடியேறிப் போனால் வீடு பூட்டியிருந்தது. அந்த வீடு பூட்டிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை; எந்த நேரம் வந்தாலும் யாராவது கதவைத் திறந்து பையை வாங்கிக்கொள்வார்கள். பதறிப்போய் அழைத்தேன்.

"வந்துட்டியா?" என்றார் அன்ரி. பின்னால் ஒரே சத்தம். "நாங்க ஆஸ்பத்திரில இருக்கோம். இவ ஸ்கூல்ல வாலிபால் ஆடறேன்னு விழுந்து காலைச் சுளுக்கிக்கிட்டா. எக்ஸ்ரே எடுக்கறாங்க. பயப்படாத, ஒண்ணுமில்ல. சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி கீது, கையை விட்டு எடு. பூட்டைக் கொஞ்சம் தூக்கித் திருப்பணும், இல்லன்னா தொறக்காது. அரிசி ஊறுது, குக்கர்ல வெச்சிடு. புளியும் ஊறுது, ரசம் வெச்சிடு. அங்கிள் நேரா இங்க வர்றாரு, எல்லாரும் பசியோட வருவோம். அப்புறம் கொடியில துணி இருக்கு, மழை வர்ற மாதிரி கீது, எடுத்துடு. என்னா?"

"ஓம் அன்ரி," என்பதற்குள் வைத்துவிட்டார்.

மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டடையும் சாவியும் இருந்தன. பூட்டைத் தூக்கித் திருப்பினேன். ஆளில்லாத அந்த வீட்டுக்குள் நின்றபோது எனக்கு வந்தது பயமில்லை, அவசரம். ஒரு மாதமாகக் கட்டிப்போட்டிருந்த கை இரண்டையும் யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். துணியை எடுத்து மடித்தேன். அரிசியைக் குக்கரில் ஏற்றினேன். ரசத்தில்தான் இடறினேன். எங்கள் வீட்டில் ரசம் சளி பிடித்துத் தடிமன் காய்ச்சல் வந்தால் வைப்பது. இவர்கள் பக்குவம் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் ரசத்தைப் பற்றியா கேட்பது? இரண்டு தேங்காய் கண்ணில் பட்டது. உடைத்து, மிக்ஸியில் அடித்து, பால் பிழிந்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் போட்டு, கடைசியில் எலுமிச்சம்புளி விட்டு ஒரு சட்டி நிறையச் சொதி வைத்தேன். வாசம் வந்ததும் கொஞ்சம் அழுகை வந்தது. அழுதுகொண்டே உப்புப் பார்த்தேன்.

அவர்கள் வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. எலும்பு முறியவில்லை. காலில் பெரிய கட்டோடு மகளை அங்கிள் தாங்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் உட்கார வைத்துக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தார்கள். "தட்டு எடும்மா" என்றார் அன்ரி, யாரிடம் என்று பார்க்காமலே. நான் நான்கு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துவந்து பரப்பினேன்.

அங்கிள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இது என்னாம்மா, மோர்க்கொழம்பா?"

"சொதி, அங்கிள்."

"புளிப்பு பத்தலையே," என்றவர் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அன்ரி சமையலறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு தேங்காயையும் ஒடச்சிட்டியா? நாளைக்குச் சட்னிக்கு நான் எங்க போறது? ஊறின புளி அப்படியே கீது. ஒரு போன் பண்ணிக் கேக்க மாட்டியா? சாதத்துக்கும் தண்ணி ஜாஸ்தி. கொழகொழன்னு கீது பாரு."

வீட்டை விட்டு வந்தபிறகு என்னை யாரும் ஏசியது அதுதான் முதல்தடவை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் தட்டுக்குள் குனிந்து சிரித்தாள்.

எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று பார்த்தேன். ஃபேன் ஸ்டூலோடு அந்தப் பக்கம் போயிருந்தது. குமிழை அமுக்காமல், பிள்ளையின் கட்டுப்போட்ட காலைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள்.

"அன்ரி, அந்த ஃபேனை இஞ்சாலையும் கொஞ்சம் திருப்பட்டோ?"

"நக்கோ," என்றார் அன்ரி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "அவளுக்குக் கால் எரியுதாம். நீ ஜன்னல் பக்கம் நகந்து உக்காரு." பிறகு ஞாபகம் வந்து, "ஏதோ சொல்லணும்னு அனுப்பியிருந்தியே, என்னா அது?" என்றார்.

"ஒண்டுமில்லை அன்ரி," என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அறை வேண்டாம் என்று விடுதிக்கு மறுநாள் காலையில் எழுதிப் போட்டுவிட்டு, தேங்காய் வாங்கக் கீழே இறங்கினேன்.