அப்பா தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

எங்கள் அப்பாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. துறைமுகத்துக் கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். கைப்பேசியில் வந்த படத்தைத் திறக்கவே என்னைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதர், கம்ப்யூட்டரிலேயே பிழைப்பு நடத்தும் சித்தப்பாவின் பேச்சைத் தள்ளிவிட்டு, ஒரு பழைய ராட்சசப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு அப்போது பத்து வயது. வாய்க்கு மட்டும் இருபது வயது என்று அம்மா சொல்வார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே வேலைதான். அண்ணனை உயிரோடு வைத்திருப்பது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அண்ணனுக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், இப்போது தேவலை. எனக்குச் சொன்னது இவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டாலும் இதையே சொல்ல வேண்டும் என்றார்கள். நான் சும்மா சொல்வேனா? சம்பல் பிளாச்சான் காரத் துவையலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதால் வந்த வலி என்று என் பங்குக்கும் சேர்த்துச் சொன்னேன். ஆன்டி என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. சுபாங் ஜெயாவில் ஒரு காலேஜில், கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்கிற படிப்பு படித்தான். கார், கட்டடம், மனித முகம் என்று எதையும் திரையில் செய்து, சுற்றிச் சுற்றிக் காட்டுவான். இரண்டாவது செமஸ்டர் நடுவில் ஒருநாள் பையும் கையுமாகக் கிள்ளானில், பண்டமாரானிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவன் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. நாங்களும் தோண்டவில்லை. அறைக்குள் போய்ப் படுத்தான். தட்டில் வைத்த சோறு பாதிக்கு மேல் திரும்பி வரும். சில வாரங்கள் அப்படிப் போன பிறகுதான் அந்த வயிற்று வலி வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழைத்து வந்த அன்று, அப்பா ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினார். துருப் பிடித்துவிட்டது, வேறு வாங்கிப் போடுகிறேன் என்றார். போடவே இல்லை. எனக்குக் கோபமான கோபம். குளிக்கப் போனால் கதவுக்கு வாளியை முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக வாய் வலிக்கப் பாட வேண்டியிருந்தது.

பிடித்த வேலை ஏதாவது இருந்தால் அவன் கையில் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவனுக்குப் பிடித்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். அவனிடமிருந்த லேப்டாப்போ எப்போதோ செத்துப்போயிருந்தது. அம்மா சித்தப்பாவுக்கு போன் போட்டார். சித்தப்பா அப்பாவின் தம்பி, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் இருந்தார். பொறியியல் நிறுவனம் ஒன்றில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர் சொன்னதுதான் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகக் கிளம்பினோம். அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு யாரும் எங்கேயும் போவதில்லை என்பது அப்போது வீட்டு வழக்கமாகியிருந்தது. காரில் அவன் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். நான் அவனுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று அவருடைய அலுவலகத்தில் கழித்துக் கட்டியது. ஒரு காலத்தில் அதைவிட உசத்தி கிடையாது, பெரிய பெரிய கட்டடங்களை எல்லாம் இதில்தான் போட்டோம் என்றார். கறுப்பாக இருந்தது, தரையில் வைத்தால் என் இடுப்பு உயரம் வரும். மற்றது அவர் தனக்காக வாங்கிய புது மாடல். வெள்ளை நிறம், பிஸ்கட் டின் அளவு. அதே போல ஒன்றைக் கடையில் எடுத்துத் தருவதாகச் சொன்னார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பல வேலைகளைச் சேர்த்து இழுப்பதில் பழையது இன்னும் கெட்டி, ஆனால் கரண்டைக் குடிக்கும், கெட்டுப்போனால் உதிரி கிடைப்பது கஷ்டம். புதியது சட்டென்று வேலை செய்யும், உத்தரவாதம் உண்டு, சத்தமே வராது, அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். யோசிக்க என்ன இருக்கிறது, புதியதுதான் என்று முடித்தார். நான் அந்த வெள்ளைப் பெட்டியை ஏற்கெனவே மனதில் எங்கள் வீட்டில் வைத்தாகிவிட்டது. அண்ணனைக் கேட்டார்கள். எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே மோனோரயில் போய்க்கொண்டிருந்தது.

அப்பா இரண்டையும் சுற்றி வந்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. அன்றைக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது. கறுப்புப் பெட்டி எவ்வளவு கனம், ஓர் ஆள் தூக்கி நகர்த்த முடியுமா என்று கேட்டார். சின்ன அறையில் வைத்தால் சூடாகுமா என்று கேட்டார். அடுப்பு மாதிரிச் சூடாகும், அறையில் வைக்கவே முடியாது, காற்றோட்டம் வேண்டும் என்றார் சித்தப்பா. இரண்டையும் ஓடவிடச் சொன்னார் அப்பா. புதியது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பழையதன் பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருந்த விசிறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி இரையத் தொடங்கின. சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

“சத்தம் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?”

“ஓடுற வரைக்கும் இப்படியேதான் கத்தும், அண்ணே. அதுக்குத்தான் வேணாங்கிறேன்.”

“அப்ப இதுவே இருக்கட்டும் லா,” என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியை லிப்ட் வரை தூக்கி வந்து வைத்த பிறகு, அம்மாவும் அண்ணனும் சித்தியிடம் சொல்லிக்கொள்ளப் பின்தங்கியிருந்த நேரத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். விசைப்பலகையைக் கட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். இப்படியா அண்ணே வம்படியாக நிற்பது, பிள்ளைக்கு எது நல்லதோ அதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரூமுல வைக்க முடியாதுன்னு சொன்னியே, எனக்கு அதுதான் வேணும். இது ஹால்ல இருந்தா அவனும் ஹால்ல இருப்பான்.”

சித்தப்பா குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கார் வரைக்கும் வந்து, பின்சீட்டில் அதை ஏற்றி, இருக்கைப் பட்டியையும் மாட்டிவிட்டார். எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. கிள்ளான் வரும் வரை அந்தப் பெட்டி என் தொடையை அழுத்திக்கொண்டே வந்தது.

ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே மேசையைப் போட்டு அதை வைத்தோம். முதல் சில நாட்கள் அண்ணன் அதன் பக்கமே வரவில்லை. அப்பாவே பொத்தானை அழுத்திவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஏதோ எச்சரிக்கை வந்து திரை முழுக்க நீலமாகிவிட்டது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வந்து, “தள்ளுங்கப்பா,” என்றான். அப்பா சட்டென்று எழுந்துகொண்டார். அதன் பிறகு அந்த நாற்காலி அண்ணனுடையதானது.

சத்தத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து பசியாறிவிட்டுப் படுத்தால் மாலைவரை தூங்குவார். அந்தத் தூக்கத்துக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சியை ஊமையாக்கி, நானெல்லாம் முறுக்கைக்கூட எச்சிலில் ஊறவைத்துத் தின்று வளர்ந்தவள். பிஸ்கட் டின் மூடி கீழே விழுந்ததற்கு அவர் எழுந்து வந்து கத்தியிருக்கிறார். அந்த மனிதர் இப்போது அறையை விட்டுவிட்டுப் பாயை ஹாலுக்குக் கொண்டு வந்தார். மேசைக்குப் பக்கத்தில், அண்ணன் கால் நீட்டினால் இடிக்கும் தூரத்தில் விரித்துக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் நிம்மதியாகத் தூங்கினார். ஹாலில்தான் காற்று நன்றாக வருகிறது என்றார். அண்ணன் சாப்பிடுவதற்காகக் கம்ப்யூட்டரை நிறுத்தினால் போதும், படக்கென்று கண் விழித்துத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அண்ணனைப் பார்த்ததும் மறுபடி தலையைச் சாய்ப்பார். எங்கள் அப்பாவுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக எதையோ செய்துகொண்டிருந்தான். துறைமுகத்தில் கொள்கலன் தூக்குகிற பெரிய கிரேன். ஒரு மாலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், அந்தக் கிரேனுக்குச் சக்கரம் எப்படி இருக்கும், தண்டவாளத்தில் ஓடுமா, டயரில் ஓடுமா என்று கேட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவனாக வாய் திறந்து கேட்ட கேள்வி அதுதான். அப்பா சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். மறுநாள் காலை தன் கைப்பேசியில் கிரேனின் காலை அடியிலிருந்து நுனிவரை படம் பிடித்துக்கொண்டு வந்தார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்தான் தெரிந்தது. அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தான்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் பிற்பகல். அம்மா பின்னால் அடுப்படியில் இருந்தார், அப்பா பாயில் தூங்கினார், அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால், நான் சோபாவில் வரைந்துகொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்து இடி இடித்தது. அப்பா அசையவில்லை. மழை சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது. அண்ணன் எழுந்தான். வெளியே கொடியில் துணி கிடக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அப்பாவின் காலைத் தாண்டி, கிரில் கதவைத் திறந்துகொண்டு போனான். யாரும் சொல்லாமல், யாரும் கூட வராமல், அந்தக் கதவை அவன் தாண்டிப் போனது எனக்கே அதிசயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் எங்கேயோ மின்னல் இறங்கியது. வீட்டில் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் நின்றது.

இடிக்கு எழாத அப்பா அதற்கு எழுந்தார். நாற்காலியைப் பார்த்தார். காலியாக இருந்தது. வாசல் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் அறைக்கு ஓடினார். கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அங்கேயிருந்து குளியலறைக்கு ஓடினார். ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். சின்ன வயதில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாராம், நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுப்படியில் ஏதோ கீழே விழுந்தது, அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். அண்ணன் துணி எடுக்கப் போயிருக்கிறான் என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

அண்ணன் மோவாய் வரைக்கும் துணியை அணைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். அப்பா குளியலறை வாசலிலிருந்து திரும்பினார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு என்ன நடந்ததென்று புரிந்திருக்க வேண்டும்.

“அப்பா, நான் இங்கதான்பா இருக்கேன்.”

அப்பா வந்து அவன் கையிலிருந்த துணியை அப்படியே வாங்கிக்கொண்டார். பாயில் உட்கார்ந்தார். துணிக் குவியலின் மேலே இருந்தது அவருடைய வேலைச் சட்டை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆட்கள் அப்படிச் சத்தம் போட்டு அழுவதை நான் சாவு வீட்டில்தான் பார்த்திருந்தேன். பயந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்து, சட்டை நனைந்துவிட்டதற்கா அப்பா அழுகிறார், இரவு வேலைக்குப் போட வேறு சட்டை இல்லையா என்று கேட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம், சட்டைதான் நனைந்துவிட்டது என்றார்.

அண்ணன் போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். விளக்கு வந்தது. தலையைக்கூடத் துவட்டாமல் நேராக மேசைக்கு வந்து பொத்தானை அழுத்தினான், விசிறிகள் இரைய ஆரம்பித்தன. நான் அப்பாவிடமிருந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அம்மா பக்கத்தில் நிற்க, தரையில் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். ஆவி கிளம்பக் கிளம்பத் திரும்பிப் பார்த்து, காய்கிறது அப்பா, இதோ காய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை நின்று, அண்ணனின் நாற்காலிக் காலை ஒரு கையால் பிடித்தபடி அப்பா அப்படியே தூங்கிப்போனார். நான் தேய்த்துக் கொடுத்த சட்டையால்தான் அன்று அப்பா சமாதானமானார் என்று ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.