எண்ணூரில் மார்கரெட் தோற்ற பரீட்சையும் அஞ்சலை எழுதாத பரீட்சையும்

பார்த்ததையும் கேட்டதையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காதது என்பதற்காக எதையும் விட்டுவிட மாட்டேன். அழகுக்காக எதையும் சேர்க்கவும் மாட்டேன். நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு, வெளியே போக அனுமதி கிடைக்கும் அடுத்த சனிக்கிழமையில் எண்ணூர் போக நினைப்பவர்கள் இதிலுள்ள ரயில் நேரத்தையும் செலவையும் நம்பலாம்.

போனதற்குக் காரணம் நம் இலக்கிய மன்றத்தின் கட்டுரைப் போட்டி. தலைப்பு உங்களுக்குத் தெரியும்: ‘பிற நாடுகளில் கல்வி’. நூலகத்தின் மேல் அடுக்கில் இருக்கும் தடிப் புத்தகத்தைப் பார்த்து நான் பாதிக் கட்டுரையை முடித்துவிட்டேன். இங்கிலாந்துக்கு முதலிடம் கொடுத்திருந்தேன். வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் என் சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தபோது அதை வாசித்துக் காட்டினேன்.

“எல்லாம் சரிதான் அன்னம். எண்ணூர்ல நான் சரக்குப் போடுத கடைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பிள்ள இருக்கு. பன்னெண்டு வயசிருக்கும். பள்ளிக்கூடமே போவலையே அது! நீ என்னமோ அந்த ஊர்ல எல்லாரும் படிப்பாளின்னு எழுதுதியே?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடம் போகாத இங்கிலீஷ்காரப் பெண்ணா? தடிப் புத்தகத்தில் அப்படி ஒருத்தி இல்லை. விடுதி அம்மையாரிடம் அனுமதி வாங்கி, ஆகஸ்டு மாதம் இரண்டாவது சனிக்கிழமை சித்தப்பாவோடு கிளம்பினேன்.

ராயபுரம் ஸ்டேஷனில் காலை ஏழே காலுக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு மூன்றணா. தூரம் ஒன்பது மைல்தான் என்றாலும் முக்கால் மணி நேரம் ஆகிறது. வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், இடையிடையே கடல் தெரியும். ஆனால் கரித்தூள் கண்ணில் விழும், கைக்குட்டை அவசியம். தண்டையார்ப்பேட்டையில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் நோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா பாப்பா, எய்திகினே வர்ற? போலீசா நீ?”

“இல்லை, பள்ளிக்கூடப் பத்திரிகைக்கு” என்றேன்.

“அப்போ எயுது. இந்த வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வர்றதில்லன்னு எயுது. கம்பெனியில என்னிய வெளிய நிக்க வச்சிர்றான்.”

எழுதிவிட்டேன். திருவொற்றியூரில் அவர்கள் எல்லோரும் இறங்கியதும் பெட்டியே காலியாகிவிட்டது. அதற்குப் பிறகு உப்பளம், ஈச்சம் புதர், மணல்.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து மீனவர் குப்பம் ஒரு மைலுக்குள்தான். ஆனால் மணலில் நடப்பதால் இரண்டு மைல் போலத் தோன்றும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் நல்லது. சித்தப்பா சரக்குப் போடும் கடைக்கு எதிரே ஓலைக் கொட்டகை ஒன்று. அதுதான் பள்ளிக்கூடம். சித்தப்பா கணக்குப் பார்த்து முடிக்கும் வரை நான் அங்கே போய் நின்றேன்.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. சாப்பாட்டு இடைவேளை என்று நினைத்தேன். பிள்ளைகள் சிலேட்டுப் பலகையைத் துணியில் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்கள். வாத்தியாரிடம் கேட்டேன்.

“இன்னிக்கு இவங்களுக்கு அவ்வளவுதாம்மா” என்றார். “கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல இந்த வருஷம் வந்த புது ஏற்பாடு. ஒரு பிள்ளைக்கு மூணு மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரம் வீட்டுல அப்பா தொழிலைக் கத்துக்கணும். மத்தியானம் வேற கூட்டம் வரும். எனக்கு மட்டும் ரெண்டு வேளை.”

நம் மாகாணத்தில், ராயபுரத்திலிருந்து ஒன்பது மைல் தொலைவில், அரைநாள் பள்ளிக்கூடம்! செய்தித்தாளில் அதைப் பற்றிப் பெரியவர்கள் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பலகையை மூட்டை கட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன். கட்டுரையில் ஜப்பானைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று திகைத்து நின்றேன்.

எல்லோரும் போன பிறகும் ஒரு பெண் மட்டும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை. பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

“மத்தியானம் நீ என்ன தொழில் கற்றுக்கொள்கிறாய்?” என்று கேட்டேன்.

“இன்னா தொயிலுக்கா? கட்டுமரம் விடியறதுக்கு முன்ன கடலுக்குப் பூட்டு, காலையிலயே கரைக்கு வந்துரும். நான் இஸ்கோலுக்குள்ள குந்திகினு இருக்கசொல்லவே கரையில மீன் ஏலமெல்லாம் முடிஞ்சிரும். மத்தியானம் எங்கப்பா தூங்குவாரு. நானும் தூங்கக் கத்துக்கினு கீறேன்.”

வாத்தியார் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: “திருவொற்றியூர் ஹைஸ்கூல்ல வர்ற ஜூன் மாசம் முதல் பாரத்துக்கு, அதான் ஆறாம் வகுப்புக்கு, பரீட்சை வச்சுத்தான் சேர்ப்பாங்க. பின்னக் கணக்கும், இங்கிலீஷ் எழுத்தும் தெரியணும். கணக்கை நான் எப்படியாவது முடிச்சிருவேன். இங்கிலீஷுக்கு எனக்கு நேரம் ஏது?”

“முதல் பாரத்துல இங்கிலீஷு மொத நாளே உண்டாக்கா?” என்று அஞ்சலை கேட்டாள். உண்டு என்றேன். அவள் கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை.

அஞ்சலையின் அம்மா தேசம்மா தலையில் கூடையோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தார். தினமும் நடுப்பகலில் பங்களாவுக்கு மீன் கொடுப்பவர் அவர்தான். நான் பார்க்க வந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் பங்களாதான் அது. சித்தப்பாவும் நானும் அவரோடு நடந்தோம். வழியில், அஞ்சலை ஹைஸ்கூல் போவாள் அல்லவா என்று கேட்டேன்.

“எங்க போறது? திங்கக்கெயமயோட நிறுத்திர்றேன். சர்க்காரே அரைநாளு போதும்னுட்ச்சி. அந்த அரைநாளும் மீனு வர்ற நேரம். எனக்குக் கூடை தூக்க ஆளு வேணாவா? மத்தியானம் தொயில் கத்துக்கணுமாம்! மத்தியானம் கடல்ல இன்னா கீது? தண்ணிதான் கீது.”

அஞ்சலை பின்னால் வந்துகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். பின்தங்கிவிட்ட என் தோளைத் தட்டி, “வெரசா வாளா” என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். ஒரு பெண்ணின் படிப்பை மீன் விலை சொல்வது போல இவ்வளவு சாதாரணமாக முடித்துவிட முடியுமா?

பங்களா கடலைப் பார்த்து இருக்கிறது. வராந்தாவில் ஒரு மேஜை, புத்தகங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள்தான் மார்கரெட். அவள் அப்பா திருவொற்றியூரில் புதிதாக வரும் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினியர். அஞ்சலையைப் பார்த்ததும் மார்கரெட் ஓடி வந்தாள். மொழி தெரியாமலே இருவரும் சிநேகிதிகள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மெதுவாக, சிறு சிறு சொல்லாகச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அவளுக்குப் பாடம் இங்கிலாந்திலிருந்து தபாலில் கப்பலேறி வருகிறதாம், அம்மா சொல்லிக்கொடுக்கிறாராம்.

“இந்தப் பொண்ணு ஏன் இஸ்கோலு போவல, கேளேன்” என்றார் தேசம்மா. கேட்டேன். மார்கரெட் முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னாள்.

அவர்கள் ஊரில் பதினோரு வயதில் எல்லோருக்கும் ஒரு பரீட்சை. தேறினால் பெரிய பள்ளிக்கூடம், பிறகு காலேஜ். தேறாவிட்டால் வேறு பள்ளிக்கூடம். பதினைந்து வயதில் வேலைக்குப் போக வேண்டியதுதான். அவள் அண்ணன் தேறினான். அவனுக்கு முத்திரை வைத்த தொப்பியும் சைக்கிளும் கிடைத்தன. இவள் தேறவில்லை. அன்றிலிருந்து அடுத்த வீட்டுச் சிநேகிதி இவளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதில்லை. அப்பாவுக்கு இந்தியாவில் வேலை கிடைத்ததும் அம்மா ஒரே நாளில் சரி என்றுவிட்டாராம்.

நான் முதலிடம் கொடுத்த இங்கிலாந்து!

“உங்கள் பள்ளியில் தோற்றால் என்ன செய்வார்கள்?” என்று மார்கரெட் கேட்டாள். அதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்க வேண்டும் என்றேன். நம் ருக்மணி மூன்றாம் பாரத்தில் இரண்டு வருஷம் இருந்ததைச் சொன்னேன். (ருக்மணி மன்னிக்க வேண்டும். உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்.)

“அதே வகுப்பு? அதே டீச்சர்? திரும்பவும் எழுத விடுவார்களா?” என்றாள் மார்கரெட். “அவள் எவ்வளவு அதிர்ஷ்டசாலி!”

தோற்ற நாளில் ருக்மணி சாப்பிடாமல் படுத்திருந்தது எனக்கு நினைவு வந்தது. அதைப் பார்த்து ஒரு இங்கிலீஷ்காரப் பெண் பொறாமைப்படுவாள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

எல்லாவற்றையும் தேசம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

“பதினோரு வயசுலயா? பாதிப் பல்லு வுயுந்து மொளைக்கற வயசாச்சே! தோத்தா மறுக்கா எய்தக் கூடாதா?”

“பதின்மூன்று வயதில் சிலருக்கு ஒரு வாய்ப்பு உண்டாம். எல்லோருக்கும் இல்லையாம்.”

“அட பாவிங்களா! பச்சப் புள்ளைய ஒரே பரீட்சையில கயிச்சிக் கட்டிட்டானுங்களே!”

மார்கரெட்டின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். மீன் கை என்று நினைவு வந்து, சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அஞ்சலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் புள்ளயாவது எய்தித் தோத்துச்சி” என்றார், யாரிடம் என்று இல்லாமல். “எம்பொண்ண நான் எய்த வுடாமயே தோக்கடிக்கப் பாத்தேனே.”

அப்போது மார்கரெட்டின் அம்மா மீன் வாங்க வெளியே வந்தார். தேசம்மா விலை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, இந்தம்மா கிட்ட சொல்லு. எம்பொண்ணு மத்தியானம் சும்மாதான் கீது. அவங்க பொண்ணு படிக்கசொல்ல ஓரமா குந்திகினு இங்கிலீஷு எயுத்து பாத்துக்கும். தொந்தரவு பண்ணாது. பரீட்சை எய்தணும் அது.”

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் தயங்கினார். மகளுடைய நேரம் குறைந்துவிடும் என்று யோசித்திருக்கலாம். இவ்வளவு பேர் தன் வீட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டார்களே என்றும் இருக்கலாம். மார்கரெட் அம்மாவையே பார்த்தாள். அஞ்சலை தரையைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து மேஜையின் மறுபக்கத்தில் போட்டார். “தினமும் மூன்று மணி வரை” என்றார்.

அஞ்சலைக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை போலும். நுனியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. மார்கரெட் ஒரு தாளில் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி அவள் பக்கம் தள்ளினாள்.

“காலையில கூடை?” என்று சித்தப்பா தேசம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

“என் தலை இன்னும் இருக்குதில்ல, நைனா?” என்றார் தேசம்மா.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு: திரும்பி வரப் பகல் வண்டி இரண்டு மணிக்கு. அதை விட்டால் ஐந்தரைக்குத்தான். குடிதண்ணீர் கொண்டு போங்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடை வேண்டும். பங்களாவுக்குப் போனால் மார்கரெட்டிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் பாரத்து இங்கிலீஷ் வாசகப் புத்தகம் பழையது யாரிடமாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அஞ்சலைக்கு எடுத்துப் போங்கள். ஜூன் மாதத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அவள் தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. எழுதுவாள் என்று மட்டும் தெரியும்.

கட்டுரைப் போட்டிக்கு நாளைதான் கடைசி நாள். இங்கிலாந்தை முதலிடத்திலிருந்து அடித்துவிட்டேன். நம்மை அங்கே வைக்கவும் கை வரவில்லை. ஒரு நாட்டில் பதினோரு வயதுப் பரீட்சை பிள்ளைகளைப் பிரிக்கிறது. இன்னொரு நாட்டில் அப்பாவின் தொழில் பிரிக்கிறது. இரண்டில் எது மேல் என்று தடிப் புத்தகம் எழுதியவருக்குத் தெரியுமா? அப்படியானால் முதலிடம் எந்த நாட்டுக்கு என்று யோசித்துப் பார்த்ததில், எனக்குத் தோன்றுவது என்னவென்றால்

அம்மையார் விளக்கை அணைத்துவிட்டார்.