வெர்னாவின் சாப்பாட்டுப் பெட்டி

வெர்னா ஹோர்வாத், கரையில் தாங்கி நிறுத்திய ஒரு படகுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறாள். முதுகுக்குக் கீழே ஒரு பழைய கம்பளத் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு, படகின் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை அதன் வயிற்றை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்கிறாள். தண்ணீர் எந்த வழியாக ஓடுமோ அந்த வழியாகத்தான் அவள் கையும் ஓடும். ஒரு மேடோ திருகோ தட்டுப்பட்டால் கை நின்றுவிடும். "இங்க நுரை கிளம்பும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போடுவாள்.

ஈரி ஏரியின் மேற்குக் கரையில் மீன்பிடிக்க ஆள் ஏற்றிச் செல்லும் படகுக்காரர்களுக்கு, ஓட்டுபவன் எதிரில் இருக்கும் சின்னத் திரைதான் கண். படகின் அடியில் பதித்த கைப்பிடியளவு சாமான் ஒன்று கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு, ஆழத்தையும் மீனையும் அந்தத் திரையில் காட்டுகிறது. கடைக்காரர்கள் அதை டிரான்ஸ்டியூசர் என்பார்கள். வெர்னாவுக்கு அது வெறும் காது. "காதுக்குக் கீழ நுரை ஓடுனா அதுக்கு என்னத்தக் கேக்கும்? கல்யாண வீட்டு பேண்டு பக்கத்துல நின்னுக்கிட்டு ரகசியம் கேக்குற கதைதான்."

அறுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருடமாக இதே வேலை. சாவிக் கொத்தில் தோசைக்கல் நிறத்தில் ஒரு வட்டத் துண்டு தொங்கும். தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில், படகின் அடியில் துளை போட்டவள், இரண்டு கண்ணாடியிழை ஓடுகளுக்கு நடுவே இருந்த கட்டையின் ஓரத்தைப் பூசி அடைக்காமல் விட்டுவிட்டாள். இரண்டே வருடத்தில் தண்ணீர் குடித்துக் கட்டை ஊறிப் போயிற்று. அன்று வெட்டியெடுத்த துண்டு இது. யாராவது எங்கே படித்தாய் என்று கேட்டால் சாவியை ஆட்டிக் காட்டுவாள். "இதான் என்னோட பட்டம். ஒருத்தனோட படகக் கெடுத்து வாங்குனது."

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை எடுத்த படகு தண்ணீரில் இறங்கி, வேகமாக ஓடும்போதும் திரை தரையை விடாமல் காட்டுகிறது என்று தெரியும்வரை அவள் சாப்பிட மாட்டாள். காலையில் தகரப் பெட்டியில் ரை ரொட்டியும் புகைபோட்ட சாசேஜும் ஊறவைத்த வெள்ளரியும் வரும். சில நாள் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். அதனால் துறையில் யாரும் புதுக் காது வேலை செய்கிறதா என்று கேட்பதில்லை. "வெர்னா சாப்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த வசந்தத்தில் அவளிடம் வந்தவன் ரே டூபெக். போன ஜூனில் தென்மேற்குக் காற்று இரவெல்லாம் அடித்து, ஏரித் தண்ணீரைக் கிழக்கே தள்ளிவிட்டது. மேற்கில் மூன்றடி வற்றிப்போனது ரேவுக்குத் தெரியவில்லை. பதினைந்து மைல் வேகத்தைத் தாண்டினாலே அவன் திரையில் எண் போய் வெறும் கோடுதான் வரும். பழக்கத்தை நம்பி ஓட்டினான். தண்ணீருக்கு அடியில் இருக்கும் டோரன் திட்டின் பாறையில் படகு உரசி, வாடிக்கையாளர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து நடு ஏரியில்கூட நத்தை வேகம்தான். பாதி நாள் போய் வருவதிலேயே கழிந்தால் எவன் வருவான்? வந்துகொண்டிருந்தவர்கள் அடுத்த படகுக்குப் போய்விட்டார்கள். "இந்த வருசமும் இப்படித்தான்னா வித்துத் தொலச்சிரு," என்று அவன் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். இந்த வருடத்தின் முதல் சவாரி வரும் சனிக்கிழமை.

பயந்தவன் கடைக்குப் போனால் பெரிய பெட்டியோடுதான் திரும்புவான். ரே கொண்டு வந்த பெட்டியை வெர்னா திறக்கக்கூட இல்லை, மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"எவ்வளவு ஆழம் பாக்குமாம்?"

"ஆயிரத்து இருநூறு அடி. இருக்கறதுலயே பெருசு இதான்."

"நம்ம ஏரி இந்தப் பக்கம் எவ்வளவு?"

"முப்பது."

"மிச்ச ஆயிரத்து நூத்தி எழுபது அடிக்கு என்ன பண்ணப் போற ராசா? எண்ணெய்க் கிணறு தோண்டப் போறியா?"

ரே சிரிக்கவில்லை. அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். "திருப்பிக் குடுத்துரு. உன் படகோட அடி ரெண்டு பக்கமும் சரிவு. நேர்க் காத வச்சா பக்கவாட்டுல கேக்கும். உள்ளயே சாச்சு வச்ச சின்ன வெண்கலக் காது போதும், நேரா கீழ பாக்கும்."

எங்கே பதிப்பது என்பதற்கும் ரே முன்கூட்டியே ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். வெர்னா அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு போட்டது?"

"நான்தான். வீடியோல அப்படித்தான் காட்டுனான்."

"அந்த வீடியோல இருந்தது உன் படகா?" அவன் கையைப் பிடித்து நாலடி முன்னால் இழுத்தாள். இன்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளை அங்கே இருந்தது. "இதுக்கு நேர் பின்னால வச்சா, இது கெளப்புற நுரை பூரா உன் காதுக்குள்ளதான் போகும். பழைய காதும் இந்த வரிசைலதான் இருந்திருக்கு. ஒரு வருசமா உன்னப் பயமுறுத்துனது பாறை இல்லப்பா, இந்த ஓட்டை."

அவள் தேர்ந்தெடுத்த இடம் வலப்பக்கம், படகைத் தள்ளும் விசிறிக்கு நன்றாக முன்னால், நடுத்தண்டை ஒட்டி, முன்னே எந்தத் தடையும் இல்லாத இடம். முதலில் உள்ளிருந்து ஊசித்துளை. வெளியே வந்து படுத்துப் பார்த்தாள், மறுபடி தடவினாள். பிறகுதான் வட்ட ரம்பத்தைக் கையில் எடுத்தாள். ரே முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல படகின் அடியில் ஓட்டை போடுவதை நின்று பார்க்க எல்லோராலும் முடியாது.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கறவனாட்டம் நிக்காத. போய் காபி குடி."

வெட்டிய துண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தாள். ஓடு முழுக்கக் கெட்டி, நடுவே கட்டை இல்லை, ஈரமில்லை. பசை பூசி, ரே மாற்றி வாங்கி வந்த வெண்கலக் காதைப் பொருத்தி இறுக்கி, இரண்டு நாள் காயவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை படகு தண்ணீரில் இறங்கியது. வெர்னா உள்ளே குப்புறப் படுத்து, காதைச் சுற்றி மெல்லிய காகிதத்தைப் பரப்பி, அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் நனையவில்லை.

"டோரன் திட்டுக்கு விடு," என்றாள்.

ரே கட்டுக்கயிற்றை அவிழ்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காத்து இல்ல. இன்னிக்குத் திட்டு மேல அஞ்சடி தண்ணி நிக்குது. உன் படகுக்கு மூணு போதும்."

"எனக்குத் தெரியுது வெர்னா. இந்தக் கைக்குத்தான் தெரியல."

வெர்னா சாப்பாட்டுப் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினைந்து மைல். திரையில் இருபத்தெட்டு அடி என்று நின்றது. இருபது மைல். எண் அசையவில்லை. இருபத்தைந்து. இருபத்தேழு அடி, இருபத்தாறு. ஒரு வருடமாக இந்த வேகத்தில் ரே வெறும் கோட்டைத்தான் பார்த்திருந்தான். அதற்குள் திட்டின் இடத்தைக் காட்டும் மிதவை கண்ணில் பட்டது. இருபத்தொன்று. பதினேழு. அவன் வலக்கை வேகக் கைப்பிடியை இறுகப் பிடித்தது. பின்னால் இழுத்துவிட்டால் சனிக்கிழமையும் நத்தைதான், அவனுக்கே அது தெரியும்.

டக்கென்று ஒரு தகரச் சத்தம்.

ரே திரும்பிப் பார்த்தான். திட்டு இன்னும் வரவில்லை. வெர்னா பெட்டியைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். திரை இருக்கும் பக்கமே பார்க்காமல், ரொட்டியைச் சுற்றிய காகிதத்தை நிதானமாகப் பிரித்தாள். ஒரு கடி கடித்தாள். மென்றாள்.

பதினொன்று. எட்டு. ஐந்து.

ரே கைப்பிடியை விட்டுவிட்டு, அந்தக் கையை அவள் பக்கம் நீட்டினான். வெர்னா ரொட்டியில் பாதியைப் பிய்த்து அதில் வைத்தாள்.