பதினெட்டுப் போத்தல் இஞ்சி பியர்

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. ஏழு பெற்று ஏழையும் வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துதான் கைவரவில்லை, என் பெயரை மட்டும் எழுதுவேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இப்போது தோட்டத்து லய வீடுகளுக்குக் கரண்ட் வந்துவிட்டது, கடைச் சோடா குடிக்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதில் இலங்கையில் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். இஞ்சி பியர் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு சாடி போட்டார். ஒரு சாடிக்குப் பன்னிரண்டு போத்தல்தான் வரும். வருவதோ பதினெட்டுப் பேர். அப்பா தண்ணீரைக் கூட்டினார்.

"தண்ணி கூடிப்போச்சு, நொர ஏறாது. போத்தலுக்கு ரெண்டு திராட்ச போடுவோம்ல, இந்தத் தடவ மூணு போடு புள்ள" என்று காய்ந்த திராட்சையை என்னிடம் கொடுத்தார்.

போத்தலுக்கு மூன்று போட்டேன், ஒவ்வொரு தடவையும் வாய்க்கும் ஒன்றிரண்டு போட்டேன். கடைசி ஆறு போத்தலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அழப் போனேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"அழாத. ஆறுலயும் ரெண்டு ரெண்டு கரண்டி சீனி போட்டுரு. நான் சொல்ல மாட்டேன்."

என் அக்காவைப் போல யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வந்தார்கள். அக்காவே போத்தலைக் கொண்டுவந்து மாப்பிள்ளை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். சீனி போட்டு மூலையில் வைத்த ஆறில் ஒன்று அது. அப்பா தக்கையைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்ததும் தக்கை கூரைத் தகரத்தில் போய் அடித்தது. நுரை மாப்பிள்ளை முகத்தில். கூரைக் கரி அவர் வெள்ளைச் சட்டையில்.

"இதுதான் உங்க வீட்டு மரியாதயா?" என்று அவருடைய அம்மா எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை மீசையை நக்கிப் பார்த்தார். "மாமா, இஞ்சி தூக்கலா இருக்கு. இன்னொண்ணு தெறங்க."

"இன்னும் அஞ்சு இருக்குங்க!" என்றேன் நான்.

திரைக்குப் பின்னால் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கல்யாணம் நிச்சயமாயிற்று.

போன வருடம் மச்சான் காலமானார். அழுதுகொண்டிருந்த அக்கா என் காதில் சொன்னாள்: "அன்னைக்கு அவுங்க கோவிச்சிக்கிட்டுப் போயிறணும்னுதான் புள்ள சீனி போடச் சொன்னேன். இந்த மனுசன் நக்கிப் பாப்பாருன்னு யாரு கண்டா?"

அடி விழாமல் என்னைக் காப்பாற்றினாள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

எழுதிட்டியாம்மா? எங்க, வாசி பாப்போம். அக்கா சிரிச்ச எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசி.